போருக்கு அல்ல, பெருமைக்கு! இங்கிலாந்து வயல்களில் ஒளிந்திருக்கும் 6,000 அகழிகள்

அகழி என்றதும் நம் மனதில் என்ன வரும்? உயர்ந்த கோட்டை, சுற்றிலும் ஆழமான தண்ணீர், அதில் வாய் பிளந்து காத்திருக்கும் முதலைகள்! ஆனால், இங்கிலாந்து கிராமங்களில் உள்ள பெரும்பாலான அகழிகளுக்கு நடுவே கோட்டையே இருந்ததில்லை. இருந்தவை வெறும் வீடுகள்தான்.

அங்கு இதுவரை சுமார் 6,000 இடங்களில் இப்படிப்பட்ட அகழிகள் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையில் வெட்டப்பட்டவை. மத்தியப் பகுதியிலும் கிழக்கிலும்தான் இவை அதிகம். அங்குள்ள களிமண்ணில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் எளிதில் வடியாது.

கௌரவப் பிரச்னை

வீட்டைச் சுற்றி ஏன் அகழி? திருடர்களையும் கால்நடைகளையும் தடுக்க அது உதவும். படையெடுத்து வரும் எதிரியைத் தடுக்காது. முக்கியக் காரணம் கௌரவம். கோட்டை கட்ட வசதியில்லாத ஊர் நிலக்கிழார்கள், 'நாங்களும் பெரிய மனிதர்கள்தான்' என்று காட்ட அகழி வெட்டினார்கள். கூடவே லாபமும் உண்டு. தோண்டிய மண்ணைக் கொட்டி வீட்டு மனையை உயர்த்தலாம். தண்ணீரில் மீன் வளர்க்கலாம். இறைச்சி உண்ணக் கூடாத விரத நாள்களில் மீன்தானே கைகொடுக்கும்!

உயிர் காத்த கால்வாய்

வார்விக்‌ஷயரில் உள்ள 'பேட்ஸ்லி கிளின்டன்' அகழி வீட்டில் 1591 அக்டோபரில் திடீர் சோதனை நடந்தது. முதலாம் எலிசபெத் ஆட்சியில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் பிடிபட்டால் மரண தண்டனை. அங்கு தங்கியிருந்த பாதிரியார்கள், வீட்டுக்கு அடியில் இருந்த கழிவுநீர்ச் சுரங்கத்தில் இறங்கி, தண்ணீரில் நின்றபடி சுமார் 4 மணி நேரம் ஒளிந்திருந்தனர். ஒருவர்கூட சிக்கவில்லை!

இந்த வீட்டையும், கென்ட் பகுதியில் உள்ள சுமார் 700 ஆண்டுப் பழைமையான 'ஐட்டம் மோட்' வீட்டையும் இன்றும் சுற்றிப் பார்க்கலாம். நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இவற்றைப் பராமரிக்கிறது.

சேறுதான் சாட்சி

மற்ற பல இடங்களில் வீடு மறைந்துவிட்டது. புல் மேடும் சதுரமான பள்ளமும் மட்டுமே மிச்சம். பல அகழிகள் உழவுக்காக மூடப்பட்டுவிட்டன. அதில்தான் ஆபத்து. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரம், தோல், விதைகள் நூற்றாண்டுகள் கடந்தும் கெடாமல் இருக்கும். அகழி வற்றினால் அவை மட்கிவிடும். அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் என்ன உண்டார்கள், எதை உடுத்தினார்கள் என்பதற்கான சாட்சியும் சேர்ந்தே அழியும்.

உங்கள் மொபைலில் மேப்பைத் திறந்து, சாட்டிலைட் வியூவில் சஃபோக் பகுதி வயல்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சதுரமாக மரங்கள் சூழ்ந்த நீர்க்கோடு தெரிந்தால், அது ஒரு நிலக்கிழார் தன் பெருமைக்காக வெட்டிய அகழியாக இருக்கலாம்!