காசில்லாத கறிகள்

தோட்டக் காலத்தில் கடையில் சாப்பிடுவது சம்பள நாளோடு சேர்ந்த சங்கதி. சுங்கை சோ, செரண்டா, பத்தாங் காலி பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இருந்தவர்கள், கையில் காசு விழுந்ததும் ரவாங்குக்கு பஸ் ஏறுவார்கள். ஆட்டுக்கறியோடு வாழையிலைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ரொட்டி சானாய், திரும்பும்போது ஒரு பொட்டலம் மிக்சர். மற்ற நாளெல்லாம் லயத்து அடுப்புதான். வீட்டில் தின்பதையே காசு கொடுத்துக் கடையில் தின்னலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், ஆள் நேரே கள்ளுக்கடையிலிருந்து வருகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் என்ன இருந்தது? ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, சின்ன வெங்காயம், இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிச் சம்பல், சுட்ட கருவாடு, லயத்துக்குப் பின்னால் வளர்ந்த முருங்கைக்கீரை. மரவள்ளிக்கிழங்கும் உண்டு. ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் கிழங்கையே தின்று உயிர் பிடித்தவர்களில் சிலர், பிறகு அதைத் தொடவே மறுத்தார்கள். விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு. அதற்கும் முன்னால் எழுந்து சமைத்து, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, புருஷனைப் போலவே பால் மரம் வெட்டப் போனவள் வீட்டுக்காரி. மரத்துக்குச் சம்பளம் உண்டு. அடுப்புக்குக் கிடையாது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. 1993இல் தொடங்கிய பெரோடுவாவின் தொழிற்சாலை சுங்கை சோவில்தான் இருக்கிறது. 1994இல் வெளிவந்த கன்சில், மோட்டார் சைக்கிளோடு நின்றுவிட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் காராக அமைந்தது. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்ததும் கோலசிலாங்கூர், ஈஜோக் பக்கத்து ஆட்களுக்குத் தலைநகர் கிட்டே வந்தது. 2017இல் ரவாங் புறவழிச் சாலை திறந்தது. பழைய நெரிசலில் சிக்காமல் செலாயாங் போய், அங்கிருந்து நடுவட்டச் சாலை இரண்டைப் பிடித்தால் அம்பாங்.

அம்பாங்கில்தான் கொரியர்கள் கூடி வாழ்ந்தார்கள், அவர்களுக்காக அவர்களுடைய சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. மகாதீர் 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தபின் கொரியக் கம்பெனிகள் இங்கே பெருகின. பினாங்குப் பாலத்தைக் கட்டியது ஹியுண்டாய். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் ஒன்று சாம்சுங் கூட்டணியின் வேலை. பொறியாளர்களுக்குப் பசிக்குமல்லவா! அன்று நம்மவர் அந்தக் கடைகளுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள்தான் கதவைத் திறந்தன. முதலில் பெண்பிள்ளைகள் பார்த்தார்கள், பிறகு பாட்டிகளும் கூட உட்கார்ந்தார்கள்.

இறைச்சியை மேசையிலேயே சுட்டுத் தின்னும் கடைகள்தான் பெயர் பெற்றவை. எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை, சட்டையெல்லாம் புகை. வீட்டுச் சமையல் கடை வேறு மாதிரி. பேக்பான் என்கிற வீட்டுச் சாப்பாட்டில் சோறு, ஒரு சாறு அல்லது கொதிக்கக் கொதிக்கச் சோயா விழுதுக் குழம்பு, சுற்றிலும் சின்னத் தட்டுகளில் கறிகள். கிம்ச்சி, எள்ளெண்ணெயில் பிரட்டிய கீரை, முளைகட்டிய பயறு, இனிப்பும் காரமுமாக வறுத்த நெத்திலி. அந்த நெத்திலியை வாயில் போட்டதுமே தோட்டத்து ஆளுக்கு வழி தெரிந்துவிடும். மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். சட்டியின் அடியில் பிடித்த சோற்றில் சுடுதண்ணீர் ஊற்றிக் கடைசியில் குடிக்கிற வழக்கமும் அவர்களுக்கு உண்டு. கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சோற்றின் அளவுதான் இடிக்கும். மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி! அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில், 1976இல், சியோல் மாநகராட்சி உணவுக் கடைக் கிண்ணத்துக்கு அளவே விதித்தது: விட்டம் 10.5 செ.மீ., உயரம் 6 செ.மீ. சின்னக் கிண்ண வழக்கம் இன்றும் போகவில்லை. மரம் வெட்டிவிட்டு வந்தவனுக்கு அது உறைக்கும் காணாது.

மாடு தின்னாதவர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். குழம்பில் கண்ணுக்குக் காய்கறி மட்டும் தெரியும், சாறு மாட்டெலும்பில் இறங்கியதாக இருக்கலாம். கிம்ச்சியிலும் பெரும்பாலும் உப்பிலிட்ட இறாலோ மீன் சாறோ சேரும். மலாக்காவின் இறால் ஊறுகாயான சின்சாலோக் பழகியவர்களுக்குப் பிடிக்கும், சைவர்களுக்கு ஆகாது.

எனக்கு வியப்பு விலைச்சீட்டைப் பார்க்கும்போதுதான். குழம்புக்கு விலை உண்டு. சுற்றியிருக்கும் ஐந்தாறு கறிகளுக்கு இல்லை, தீரத் தீர மறுபடியும் வைப்பார்கள். நம் வாழையிலைக் கடையிலும் அப்படித்தான், கோழிக்குக் காசு, முட்டைக்கோஸ் பொரியலுக்குக் கிடையாது. உண்மையில் அதிகக் கைவேலை வாங்குவது அந்தச் சில்லறைக் கறிகள்தான். 2010இல் கொரியாவில் கிம்ச்சிக்குப் போடும் சீன முட்டைக்கோஸ் விலை ஏறி, சில கடைகள் கூடுதல் கிம்ச்சிக்குக் காசு கேட்டபோது பெரிய சலசலப்பே எழுந்தது. லயத்து அடுப்படியில் நடந்த அதே கணக்கு கடைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்று சுங்கை சோ வீடுகளில் பல பெண்கள் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் எழுந்து ஐந்து கறி வைக்க அவர்களால் முடியாது, வைக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் கூட்டிப்போன கடையில், வரிசையாக வந்து இறங்கிய தட்டுகளைப் பார்த்த எங்கள் சின்னம்மாவுக்கு ருசியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: “இத்தனையும் நறுக்க எத்தனை மணிக்கு எழுந்திருச்சிருப்பா?”