பெற்றோரின் நலமும் வருமான வரியும்

வரி விவரம் தாக்கல் செய்யும் காலம் நெருங்கினால், சேலத்து ஆசிரியர் குடும்பத்திலும் நாமக்கல் லாரி உரிமையாளர் இல்லத்திலும் எழும் வினா ஒன்றே: “மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டிய தொகையைக் கழித்துக்கொள்ளலாமா?” இதற்கு விடை காண்போம்.

பொதுத் துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிகிளைம் திட்டத்தை 1986ஆம் ஆண்டில் தொடங்கின. அவ்வாண்டு நிதிச் சட்டமே 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80டி என்னும் பிரிவைச் சேர்த்தது. 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இச்சலுகை இடம்பெற்றுள்ளது.

தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் தம்மைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் கட்டும் பிரீமியத்தில் ஆண்டுக்கு ரூ.25,000 வரையிலும், பெற்றோருக்குக் கட்டுவதில் தனியே ரூ.25,000 வரையிலும் கழிக்கலாம். பெற்றோர் 60 வயது நிறைந்தவராயின் அவர்களுக்குரிய வரம்பு ரூ.50,000. காப்பீடு இல்லாத முதிய பெற்றோரின் மருத்துவச் செலவையும் இவ்வரம்புக்குள் கழிக்கலாம். மாமனார் மாமியாருக்குக் கட்டியது சேராது. அவர்தம் மகளோ மகனோ தம் வருமானத்திலிருந்து கட்டித் தம் கணக்கில் கோரலாம். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் சலுகை இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசே பணம் செலுத்துவதால், அங்கே நாம் கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

கழிவு வருமானத்திலேயன்றி வரியில் அன்று. 20 விழுக்காடு வரி கட்டுபவர் ரூ.20,000 பிரீமியம் செலுத்தினால், மிஞ்சுவது வரியில் ரூ.4,000, அதன்மீதான 4 விழுக்காடு கூடுதல் தீர்வையில் ரூ.160, ஆக ரூ.4,160.

ஒன்றை மறத்தலாகாது. 2023-24 நிதியாண்டு முதல், பழைய முறையை நாமே தெரிந்துகொண்டாலன்றிப் புதிய வரி முறையே நமக்குப் பொருந்தும். புதிய முறையில் இக்கழிவு கிடையாது. ஆகவே இரு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்து, குறைந்த வரி எதில் வருகிறதோ அதனைத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை.

“சலுகைதான் இல்லையே, காப்பீடு எதற்கு?” என்று சிலர் அதனைக் கைவிட எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. சில ஆயிரம் ரூபாய் வரிக்காகவா நாம் காப்பீடு எடுத்தோம்? நள்ளிரவில் தந்தைக்கு நெஞ்சுவலி வந்தால், நகையை அடகு வைக்க ஓடும் நிலை வாராதிருக்கவன்றோ எடுத்தோம்! முதிர்ந்த வயதில் விட்டுவிட்ட காப்பீட்டை மீண்டும் பெறுவதும் எளிதன்று.

கட்டாத பிரீமியத்தைக் கட்டியதாகக் காட்டுவதும் நமக்குத் தகாது. பொய்க் கணக்கு அபராதத்தைக் கொணர்வதோடு மனச்சான்றையும் உறுத்தும். உண்மையாகக் கட்டுவோம், ரசீதைப் பத்திரமாக வைப்போம், உரிமையானதைக் கேட்டுப் பெறுவோம். வரிச்சலுகை வரலாம், போகலாம். தாய் தந்தையரைப் பேணும் நான்காம் கட்டளை என்றும் மாறாது.