போன வழியே மீளாத தகடு

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்திலே ஒரு பிள்ளை, பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை, நூலில் தொங்கும் தையலூசியை நோக்கி மெல்ல நகர்த்துவானாயின், முதலிற் சிறிதே சாய்ந்து நின்ற ஊசி, ஓரிடத்தில், காந்தம் மயிரிழையளவே முன்னேறியிருக்க, சட்டெனப் பாய்ந்து ஒட்டிக்கொள்வதைக் காண்பான். காந்தத்தை அதே இடத்துக்குப் பின்னிழுத்தாலும் ஊசி விடுவதில்லை. இன்னும் வெகுவாக இழுக்கவேண்டும். இந்த விந்தை அவன் வீட்டுக் கைத்தொலைபேசிக்குள்ளும் மறைந்திருக்கிறது.

கைத்தொலைபேசியைச் சரித்ததும் திரை உடன் திரும்புவதற்குக் காரணமான ஆர்முடுகல் உணரியில், சிலிக்கனிற் செதுக்கிய நுண்தகடொன்று, மெல்லிய விற்களால் தாங்கப்பெற்று, நிலையான தகட்டின் எதிரே சில மைக்ரோமீற்றர் இடைவெளியில் நிற்கிறது. வில்லின் எதிர்ப்பு ஊக்கின் விதிப்படி இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதமாகவே வளர, தகடுகளுக்கிடையே வோல்ற்றளவு கொடுக்கையில் எழும் நிலைமின் கவர்ச்சியோ, அவ்வோல்ற்றளவு மாறாதிருக்க, இடைவெளி பாதியானால் நான்மடங்காகிறது. ஆதலால் வோல்ற்றளவை மெல்ல உயர்த்திவருகையில், தகடு இடைவெளியின் மூன்றிலொரு பங்கை எட்டியதும் வில் தோற்று, தகடு மோதி ஒட்டிவிடுகிறது. வெஸ்ரிங்ஹவுஸ் ஆய்வுகூடத்தின் ஹார்வி நேதன்சனும் தோழர்களும் 1967இல் வெளியிட்ட ஆய்விலே இவ்வரம்பு ஆராயப்பட்டது. தகட்டின் பரப்பையோ வில்லின் விறைப்பையோ சாராமல் மூன்றிலொன்று என்றே அது நிற்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

ஆனால் அவ்வரம்புக்கு வெகு முன்னரே நேர்விகிதம் குலையத் தொடங்குகிறது. அதைக் கண்டறிய, ஆடல் வோல்ற்றளவினால் தகட்டை அதிரச்செய்து, மீடிறனைப் படிப்படியாக உயர்த்தி வீச்சத்தைக் குறித்துக்கொண்டு, பின்னர் அதே மீடிறன்களின் வழியே இறங்கிவரவேண்டும். விதிக்கு அடங்கிய தகடாயின் இரு வரைபுகளும் ஒன்றன்மேலொன்று படியும். அடங்காததாயின் பரிவு முகடு ஒருபுறம் சாய்ந்து, ஏறுகையில் ஒரு மீடிறனிலும் இறங்குகையில் வேறொன்றிலும் வீச்சம் திடீரெனத் தாவும். நிலைமின் கவர்ச்சி மேலோங்கினால் முகடு தாழ்ந்த மீடிறன் பக்கமும், வில் இழுபட்டு விறைப்பேறினால் உயர்ந்த பக்கமும் சாய்வதால், குற்றவாளி எதுவென்பதும் தெரிந்துவிடுகிறது. இத்தகைய அதிர்வுகளை ஜேர்மானியப் பொறியியலாளர் ஜோர்ஜ் டஃபிங் 1918இலேயே நூலாக எழுதினார்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே பேராசிரியர் ஜி. கே. அனந்தசுரேஷ் முதலியோர் இத்தகைய நுண்தகடுகளை ஆராயும் நுண்ணியந்திரத் துறையிற் பணியாற்றியிருக்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் ஜெயபுரம் இருக்கும் அதே கிளிநொச்சி மாவட்டத்து அறிவியல் நகரில் அமைந்திருக்க, ஜெயபுரத்துப் பிள்ளைக்கும் இவ்வித்தை எட்டாததன்று.

அவன் அறியவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. காற்றகற்றிய உறைக்குள் அதிரும் தகடு எளிதில் ஓய்வதில்லையாதலால், மீடிறனை மாற்றிய ஒவ்வொரு முறையும் பழைய அதிர்வு அடங்கும்வரை காத்திருந்தே வீச்சத்தை அளக்கவேண்டும். அவசரப்பட்டால், விதிக்கு அடங்கிய தகடும் இருவேறு வழி காட்டி ஏமாற்றிவிடும்.