சுடாத மண்ணில் சுவர் எழுப்பலாமா?

அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தை அடுத்து, வயல் சூழ்ந்த வரிப்பத்தான்சேனையில் புதுவீடு கட்ட எண்ணுகிறவர், சூளையிற் சுட்ட செங்கல்லே சிரேஷ்டமானது என்று கருதுவது இயல்பே. ஆயினும் அதைச் சுட எவ்வளவு விறகோ உமியோ எரிந்தது என்பதையும், சீமெந்துக்காகச் சுண்ணக்கல்லை ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸில் வேகவைக்கையில், எரிபொருளின் புகையன்றி, அக்கல்லிலிருந்தே கரியமிலவாயு பிரிந்து வெளியேறுகிறது என்பதையும் அவர் யோசிப்பது அரிது.

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் நெடுங்காலமாகக் கையாளப்படும் அமுக்க மண்கட்டியோ சுடப்படுவதேயில்லை. மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணோடு நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு சீமெந்து கலந்து, சிறிதே நனைத்து, இயந்திரத்தில் அழுத்தி, 4 வாரம் ஈரங்காயாது காத்தால், சீமெந்து நீரோடு வினைபுரிந்து மணல்மணிகளைப் பிணைத்துவிடும். களி மிகுந்தாலோ, கட்டி நனைகையில் உப்பி, காய்கையில் வெடிக்கும். ஆகையால் வயற்களியை அப்படியே அழுத்துவது வீண் பிரயாசை, மணல் சேர்த்தே ஆகவேண்டும். எவ்வளவு என்பதை அறிய, கண்ணாடிப் போத்தலில் மண்ணையும் நீரையும் குலுக்கி வைத்தாற் போதும்: மணல் உடனே அடியில் தங்கும், களி கடைசியாகவே படியும்.

இச்சுவருக்குச் சத்துரு வெயிலன்று, மாரிமழை. உயர்ந்த கருங்கல் அத்திவாரமும் நீண்ட தாழ்வாரமும் அமைக்க மனமில்லாதவர் செங்கல்லையே நாடுவது உசிதம்.