கன்சோல் வாங்கலாமா, பாஸ்?

'கொஞ்சம் பொறு மச்சி, ரேட் இறங்கும்!' கன்சோல் ஆசையில் இருக்கிற எல்லோருக்கும் சீனியர்கள் சொல்ற வேதவாக்கு இது. வாஸ்தவம்தான். அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002-லேயே 199 டாலருக்கு இறங்குச்சு. ஆனா, 2020-ல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5? 2025 ஆகஸ்ட்டில் 549 டாலர்! பழசாக ஆக விலை ஏற, இதென்ன வீட்டு மனையா?

சரி, 'இந்த கேம் இதுல மட்டும்தான்'ங்கிற கெத்தாவது இருக்கா? அதுவும் ஆட்டம் கண்டாச்சு. சோனியின் 'காட் ஆஃப் வார்' 2022-ல் பி.சி-க்கு வந்துடுச்சு. எக்ஸ்பாக்ஸோட 'ஸீ ஆஃப் தீவ்ஸ்' 2024-ல் எதிராளி சோனி பெட்டிக்கே போயிடுச்சு. வீம்பா நிக்கிறது நின்டெண்டோதான். 'மரியோ கார்ட் வேர்ல்டு' வேணும்னா ஸ்விட்ச் 2 வாங்கியே ஆகணும்.

அசத்தல் மேட்டர், 2022-ல் வால்வ் கம்பெனி இறக்கின ஸ்டீம் டெக். பார்க்க கையடக்க கேம் மெஷின். உள்ளே லினக்ஸ் ஓடுற குட்டி பி.சி! விண்டோஸ் கேம் கேட்கிறதை எல்லாம் 'புரோட்டான்'ங்கிற சாஃப்ட்வேர் லினக்ஸுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்குது. (லேப் எக்ஸாமுக்கும் இப்படி ஒரு ஆள் கிடைச்சா தேவலை!) அதனால, ஹாஸ்டல் லேப்டாப்புக்காக ஸ்டீமில் வாங்கின கேம்களில் பெரும்பாலானதுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டாம்.

நீங்க வாலரன்ட் வெறியரா? அப்போ ஸ்டீம் டெக் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க. திருட்டு ஆட்டத்தைப் பிடிக்கிற அதோட காவல் சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடாது. லேப்டாப்பிலேயே ஆடுங்க!