பத்துக்குப் பத்து அறையில் வளரும் குழந்தைகள்

தற்காலிகக் குடியிருப்பு என்பது சில மாதத் தங்கலை எண்ணிக் கட்டப்படுவது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டில் எழுந்த இலங்கைத் தமிழர் முகாம்களும் அப்படித்தான் தொடங்கின. இலங்கையில் போர் நீண்டது, முகாமில் பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் தாப்பாத்தி, குளத்துள்வாய்பட்டி, தாளமுத்துநகர் ஆகிய இடங்களில் இம்முகாம்கள் உள்ளன.

பழைய முகாம் வீடுகள் பல பத்துக்குப் பத்து அடி அறைகள். ஐந்து பேர் குடியிருந்தால் ஆளுக்கு 1.9 சதுர மீட்டர்கூட வராது. நிவாரண முகாம்களுக்கான ஸ்பியர் கையேடு, சமையலிடம் நீங்கலாகவே ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கேட்கிறது. மூலையில் அடுப்பு, குறுக்கே சேலை மறைப்பு, விட்டத்தில் தூளி என்றிருக்கும் அறையில் விறகுப் புகை நேரே குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. அடுப்புப் புகையைச் சுவாசிக்கும் குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. நெருக்கத்தால் காசநோயும் தட்டம்மையும் எளிதில் பரவுகின்றன. தட்டம்மை கண்ட ஒருவருடன் நெருங்கிப் பழகும், எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேர் வரை அது தொற்றும். எனவே 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடும் தடுப்பூசிகளைத் தவறவிடக்கூடாது.

இதே மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் காட்டு வெயிலில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பகல் முழுக்கக் கொதிக்கின்றன. கைக்குழந்தைக்கு வேர்க்குருவோடு நிற்காமல் உடலின் நீர்ச்சத்தும் விரைவில் குறைகிறது.

தண்ணீர் நாள்தவறாமல் வராத ஊரில் குடம், டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். மூடாத டிரம்மில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதனால் வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். அழுக்குக் கை பட்ட நீரால் வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்கப்படுகின்றன.

பொதுக் கழிப்பறை தொலைவில் இருந்தால் பிள்ளைகள் வெளியே ஒதுங்குவார்கள். அந்த மண்ணில் நடக்கும் வெறுங்காலில் கொக்கிப்புழு ஏறி, இரத்தம் உறிஞ்சி, சோகையை உண்டாக்கும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரை புழுவை அழிக்குமே தவிர, மண்ணைச் சுத்தமாக்காது. மறுபடி தொற்றாமலிருக்கக் கழிப்பறையும் செருப்பும் வேண்டும்.

உப்பளம், செங்கல் சூளை வேலைக்காக இடம் மாறும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்கள்தான். அவர்கள் தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டுபோனால், எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விட்ட தடுப்பூசியைத் தொடரலாம்.

ஊசியும் மாத்திரையும் நோயைத் தடுக்க உதவும். நோய்க்கு இடம் கொடுப்பது வீடு. 2021-ல் தமிழ்நாடு அரசு சிதிலமடைந்த 7,469 முகாம் வீடுகளை இடித்துக் கட்ட முடிவெடுத்தது. புதிய வீடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சதுர அடி. ஐந்து பேர் குடும்பத்தில் ஆளுக்கு 5.5 சதுர மீட்டர் கிடைக்கும். அடுப்புக்கும் தூளிக்கும் நடுவே அப்போதுதான் ஒரு சுவர் வருகிறது.