புகையிரதம் ஒழிந்த பாதை பூங்காவாதல்

நகரொன்று பூங்கா அமைக்க விழையுங்கால் முதலில் நேரும் இடர் நிலமின்மையே. வண்டியோட்டம் நின்றுபோன புகையிரதப் பாதைகள் சில பெருநகரங்களில் இவ்விடரைத் தீர்த்துவைத்தன. அவற்றுள் சிங்கப்பூர்ப் பாதை நமக்கு அணுக்கமானது. மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயும் நிலைய அதிபராயும் ஈழத்தமிழர் பலர் கடமையாற்றினர். தமிழகத் தொழிலாளர் பலர் தண்டவாளம் இட்டனர்.

சிங்கப்பூர்த் தீவினூடே சென்ற அப்பாதையின் நிலம் மலேசியப் புகையிரதத்தின் வசமிருந்தது. இரு நாடுகளும் கண்ட உடன்பாட்டின்படி 2011ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகார் நிலையத்தினின்றும் இறுதி வண்டி புறப்பட்டது. மறுநாள் நிலம் சிங்கப்பூர் அரசைச் சேர்ந்தது. ஏறத்தாழ 24 கிலோமீற்றர் நீளமான அதனை மனைகளாகத் துண்டாடுதல் எளிதாயிருந்திருக்கும். எனினும், முழுவதையும் பசுமை வழியாகக் காக்கவேண்டுமென இயற்கைக் கழகத்தினர் 2010ஆம் ஆண்டிலேயே வேண்டினர். தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டன; புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்களும் நிலையமும் பேணப்பட்டன.

முழுமையாகக் காத்தலின் பயன் யாது? புகைவண்டி செங்குத்தான ஏற்றம் ஏறாது. ஆதலின் அதன் பாதை சிறுவரும் முதியோரும் களைப்பின்றி நடத்தற்கேற்ற மென்சரிவுடையது. மேட்டணையும் பக்க வடிகாலும் மழைநீரைத் தேங்கவிடா. பாலங்கள் நடப்போரை வாகன நெரிசலினின்றும் பிரிக்கின்றன. பறவையும் சிறுவிலங்கும் ஒரு காட்டினின்று மற்றொன்றுக்குச் செல்லவும் வழியுண்டு. இடையில் ஓரிடம் அறுபடினும் இப்பயன்கள் குன்றும்.

பரிஸ் நகரில் 1969ஆம் ஆண்டு கைவிடப்பட்ட மேம்பாதை 1993இல் பூங்காவாய்த் திறக்கப்பெற்றது. நியூயோர்க்கில் 1980ஆம் ஆண்டோடு வண்டி நின்ற மேம்பாதையின் முதற்பகுதி 2009இல் திறக்கப்பெற்றது. ஆயின் அங்கே அயலிலுள்ள வீடுகளின் விலை பெரிதும் ஏறிற்று. பூங்கா அமைப்போர் அயலில் வாழும் எளியோரையும் எண்ணுதல் வேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

நமது கரையிற் புகையிரதமில்லை. அது மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. எனினும் சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என வீடுகள் செறிந்த இக்கரையிலும் நீண்டு கிடக்கும் பொதுநிலங்கள் உள. கடற்கரையும் வாய்க்காற் கரைகளும் அத்தகையன. கடலோரத்தின் அருமையை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நமக்கு உணர்த்திற்று. நீள்நிலம் ஒருநாளில் அழிவதில்லை. ஒருவர் ஒரு முழமும் மற்றொருவர் இரு முழமும் வேலியடைக்க, ஒருவரும் பெருந்தீங்கு செய்ததாகத் தோன்றாமலே அது துண்டுபட்டுப்போகும். பின்னர் அதனை இணைத்தல் பெரும்பொருள் செலவிட்டும் அரிதாம். எஞ்சிய வழிகளை இன்றே அளந்து, மாணவர் படம் வரைந்து வைப்பாராயின், நாளை பூங்கா அமைப்போர்க்கு அதுவே முதற்றுணையாகும்.